ஒரே ஒரு ஆணி, ப்ளீஸ்!

“என்ன தம்பி, மெயின் ஃபால்ஸ்லேர்ந்து நேரா வாறியளா? துண்டு, சோப்பு எல்லாம் எங்க?”

ஆனி மாதத்துத் திங்கட்கிழமைக் காலையில், தென்காசியில் ஓர் அலுவலக வாசலில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து வாட்ச்மேன் அண்ணாச்சி கேட்ட கேள்வி இது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அருவிக்குப் போகவில்லை. ‘கணக்கு எழுத ஆள் தேவை’ என்று கேள்விப்பட்டு, பி.காம். சர்டிஃபிகேட்டை ஃபைலில் வைத்து, இருப்பதிலேயே வெள்ளையான சட்டையை மாட்டிக்கொண்டு, குற்றாலத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தேன். அவ்வளவுதான்.

குனிந்து பார்த்துக்கொண்டேன். காலர், பட்டன், பாக்கெட், மடிப்பு எல்லாம் அதது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. அண்ணாச்சி சும்மா கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.

இன்டர்வியூ பிரமாதம்! டிரையல் பேலன்ஸ் கேட்டார்கள், சொன்னேன். ஜி.எஸ்.டி. கேட்டார்கள், சொன்னேன். மெத்தை போட்ட நாற்காலியில் உட்காரவைத்து டீ கூடத் தந்தார்கள். “நல்லது, சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். எழுந்தேன். கும்பிட்டேன். திரும்பினேன்.

அங்கேதான் தப்பு. நான் திரும்பியிருக்கக்கூடாது!

பின்னால் திடீரென்று ஒரு நிசப்தம். அப்புறம் ஒரு ‘க்ளுக்’. வீட்டுக்கு வந்ததும் சகதர்மிணி விளக்கம் தந்தாள். சட்டையின் முதுகு முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டி, பனியனில் இருக்கும் மூன்று ஓட்டைகளும் பளிச்சென்று தெரிந்தனவாம். நடுவே இடுப்பிலிருந்து கழுத்து வரை செம்மண் சேற்றில் ஒரு நாமம். உபயம்: பாதி உடைந்த பின் மட்கார்டு. அந்த மெத்தை நாற்காலியில் நான் விட்டுவந்த ஈரம் இந்திய வரைபடம் மாதிரி இருந்திருக்கும், இலங்கை உட்பட!

சொல்லி அனுப்பவே இல்லை. வேலை போனது என் அறிவாலா, முதுகாலா என்று இன்றுவரை தெரியாது.

முன்பக்கம் ஆபீஸர், பின்பக்கம் அருவி... இது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். விளக்குகிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதம் கேரளத்தில் இறங்கும். பல ஊர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நின்று மழையை மறித்துக்கொள்ளும். எங்களுக்கோ செங்கோட்டை, ஆரியங்காவுப் பக்கம் மலையில் ஒரு சந்து விட்டிருக்கிறது இயற்கை. அந்தச் சந்து வழியாகக் காற்றும், காற்றோடு பன்னீர் தெளித்த மாதிரி தூறலும் புகுந்து வரும். இதுதான் சாரல். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் சீசன். ஐம்பத்து சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருநெல்வேலியில் அதே நேரம் வெயில் மண்டையைப் பிளக்கும்.

குற்றாலத்துக்கு வடகிழக்கே தென்காசி. ஆகவே காலையில் வேலைக்குப் போகும்போது சாரல் முதுகில் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். போகும்போது தள்ளுகிறதே, நல்ல காற்று என்று சந்தோஷமாக மிதிப்போம். பின்னால் நடக்கும் சதி தெரியாது.

இதில் இன்னொரு கஷ்டம். மழை என்றால் ஒதுங்கலாம். பத்து நிமிஷமோ அரை மணியோ, விட்டதும் கிளம்பலாம். சாரலுக்கு ஒதுங்கினால் ஆவணி முடிந்துதான் கிளம்பமுடியும்! வீட்டில் வெயில், பாதி வழியில் சாரல், தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் மறுபடி வெயில். ‘நல்ல வெயிலடிக்கே, நீ மட்டும் எப்படி நனைஞ்ச?’ என்று முதலாளி கேட்டால் பதில் சொல்லமுடியாது.

சீசனுக்கு வருகிறவர்கள் காசு செலவழித்து, பஸ் ஏறி, லாட்ஜ் பிடித்து நனைகிறார்கள். அவர்களுக்குப் பெயர் சுற்றுலாப் பயணி. நாங்கள் ஓசியில் நனைகிறோம். எங்களுக்குப் பெயர் ‘ஆளைப் பாரு!’

*

அந்த முதுகு விவகாரத்துக்கு அப்புறம் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

முதலில் குடை. ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் குடை. பழைய ஆட்கள் இதில் கில்லாடிகள். நானும் முயன்றேன். காசிவிசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஆளையே தள்ளும் காற்று இது, குடையை விடுமா? காசிமேஜர்புரம் தாண்டுவதற்குள் குடை மேல்நோக்கி விரிந்து கிண்ணம் ஆகிவிட்டது. எதிரே சீசன் வேன். ஒரு கையில் பிரேக். மழையில் சைக்கிள் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் வண்டி நிற்கும். வேன் டிரைவர் புண்ணியவான், அவர் நின்றார். குடை ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

அடுத்து ரெயின்கோட். இதற்கு ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. 1823-ல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மாக்கிண்டாஷ் ரெண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் கரைசலைத் தடவி ஒட்டி, தண்ணீர் புகாத துணிக்குப் பேடன்ட் வாங்கினார். நம் ஊருக்கு சுதேசி ரெயின்கோட் தந்தவர் சுரேந்திர மோகன் போஸ். 1920-ல் வங்காளத்தில் அவர் தொடங்கிய கம்பெனிதான் ‘டக்பேக்’. வாத்தின் முதுகில் தண்ணீர் ஒட்டாது அல்லவா, அந்தப் பெயர்.

நானும் ஒரு ரெயின்கோட் வாங்கினேன். வெளியே சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் தென்காசியில் கோட்டைக் கழற்றினால் சட்டை தொப்பல்! ஓட்டையா என்று உள்ளே புரட்டிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. அத்தனையும் என் சொந்த வியர்வை.

சைக்கிள் மிதிக்கும்போது நம் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கும் சூடு. அந்தச் சூட்டை ஆற்ற உடம்பு வியர்க்கிறது. வியர்வை வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக்கால் மூடினால்? இட்லிக் கொப்பரைக்குள் மனிதன்! வெளித் தண்ணீர் செலவு மிச்சம், உள் தண்ணீர் வரவு. பேலன்ஸ் ஷீட் கச்சிதமாக டாலி ஆகிவிட்டது.

இதற்கும் அமெரிக்காவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1969-ல் ராபர்ட் கோர் என்பவர், தோசைக்கல்லில் பூசுகிறார்களே அதே டெஃப்லானைச் சூடாக்கி, வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு அது ஜவ்வாக நீண்டது. நீர்த்துளி நுழையமுடியாத, ஆனால் நீராவி வெளியேறக்கூடிய துளைகள். ‘கோர்டெக்ஸ்’ என்று பெயர். இமயமலை ஏறுகிறவர்கள் போடுகிறார்கள். ஆனால் உள்ளேயிருக்கும் ஆவி வெளியே போகவேண்டுமானால் வெளியே காற்றில் இடம் வேண்டுமே? சாரல் நேரத்துக் குற்றாலக் காற்று ஏற்கெனவே ஹவுஸ்ஃபுல்! தவிர, அந்தக் கோட்டின் விலைக்கு என் சைக்கிள் மாதிரி ரெண்டு வாங்கலாம்.

எங்கள் தாத்தா காலத்தில் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். கொங்காணி. தலையும் முதுகும் மூடும். முன்பக்கம் திறந்திருக்கும், காற்று போகும், வேர்க்காது. மாக்கிண்டாஷுக்கும் கோருக்கும் தோன்றாதது வயல்காட்டு ஆளுக்குத் தோன்றியிருக்கிறது. என்ன, பி.காம். படித்தவன் சாக்கு போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனால் மூட்டை தூக்க வந்தவன் என்று கோடவுனுக்கு அனுப்பிவிடுவார்கள்.

*

ஆராய்ச்சியின் முடிவில் எனக்குக் கிடைத்த ஞானம் இதுதான். குற்றாலத்தில் நனையாமல் சைக்கிள் ஓட்டமுடியாது. ஆகவே நனையாத துணியைத் தேடாதே. சீக்கிரம் காய்கிற துணியைத் தேடு. நனைகிற சட்டை வேறு, வேலை பார்க்கிற சட்டை வேறு.

பருத்தி நல்ல துணிதான். ஆனால் தண்ணீர் என்றால் அதற்கு உயிர். சாதாரணக் காற்றிலேயே நூறு கிராம் பருத்தி எட்டரை கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. நனைந்தால் ரெண்டும் நனையும். ஆனால் பாலியெஸ்டரின் ஈரம் நூல்களுக்கு நடுவே நிற்கும். உதறினால் பாதி போய்விடும். பருத்தியில் நூலுக்குள்ளேயே போய்க் குடியேறிவிடும். சாரல் காலத்தில் மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் காலி பண்ணாது. அரைகுறையாகக் காய்ந்த சட்டையின் வாசனையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

அதனால் ரோட்டுக்குப் பாலியெஸ்டர், மேஜைக்குப் பருத்தி. பையன்கள் கிரிக்கெட் ஆடப் போடும் மலிவான டி-ஷர்ட் போதும். கலர்? கண்ணைப் பறிக்கும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. “கரகாட்டமா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். சாரலும் மேகமும் ரோட்டைச் சாம்பலாக்கி வைத்திருக்கும்போது சாம்பல் சட்டையும் காக்கியும் வேன் டிரைவர் கண்ணில் படாது. கரகாட்டம் படும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். முழுக்கக் கெட்டிப் பருத்தி. நனைந்தால் கல் கட்டின மாதிரி கனக்கும். மறுநாள் வரை காயாது. இந்த விஷயத்தில் வேட்டிக்காரர்கள் புத்திசாலிகள். மடித்துக் கட்டினால் முழங்காலுக்குக் கீழே வெறும் தோல். தோலைவிடச் சிறந்த வாட்டர்ப்ரூஃப் உலகத்தில் உண்டா? துடைத்தால் முடிந்தது. நான் அரை டிராயர் போட்டுப் போகிறேன். முதல் நாள் தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு மதினி, “என்ன, மறுபடி ஸ்கூல்ல சேத்துட்டாவளா?” என்றார்கள். ரெண்டாவது வாரம் அவர்களுக்குப் பழகிவிட்டது.

காலுக்கு வார் வைத்த ரப்பர் செருப்பு. ஷூவை ஆபீஸிலேயே நிரந்தரமாகக் குடிவைத்துவிடவேண்டும். ஈர சாக்ஸோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். அதற்கு டாக்டர் செலவு தனி.

மாற்றுச் சட்டையை எதில் வைப்பது? 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக் கிடையாது. துணிப்பை, சட்டைக்கு முன்னால் நனைந்துவிடும். கடைசியில் வீட்டிலிருந்த பெரிய டிபன் டப்பாவைக் கைப்பற்றினேன். ரப்பர் வளையம் வைத்து இறுக்கமாக மூடுகிற டப்பா. இப்போது எங்கள் வீட்டில் சட்டை டிபன் பாக்ஸில் போகிறது. எலுமிச்சை சாதம் வாழையிலையில் போகிறது.

பின் மட்கார்டை மாற்றி, அதன் கீழே ரப்பர் ஃபிளாப் ஒன்று மாட்டினேன். முதுகில் நாமம் போடும் கைங்கரியம் நின்றது.

ஆகா, பிரச்னை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தீர்த்துவைக்காமல் போட்டு உடைத்தது ஒரு பெண்.

*

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ளாக இருக்கிறது அந்தப் பெண். தினம் காலையில் அதே ரோட்டில் எனக்கு முன்னே சைக்கிளில் போகும். பிளஸ் ஒன் படிக்கும்போது கவர்மென்ட் கொடுத்த இலவச சைக்கிள். இப்போது வேலைக்கும் அதுதான். ரெயில்வே கேட்டில் நிற்கும்போது என் டிபன் டப்பா ரகசியத்தைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டது.

“ஒங்களுக்கென்ன அண்ணே... ஒரு மூலையில நின்னு சட்டைய மாத்திக்கிடுவிய. நாங்க எங்க போயி மாத்த?”

அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

முன்னால் இருந்த கடையில் யூனிஃபார்ம் புடவையைக் கட்டிக்கொண்டுதான் வாசலில் நுழையவேண்டுமாம். மாற்ற இடம் கிடையாது. லேட் என்றால் சம்பளத்தில் பிடிப்பு. ஐந்தரை மீட்டர் புடவை, முழங்காலுக்குக் கீழே முழுக்க ஈரம். அதோடு ஏ.ஸி. காற்றில், ராத்திரி கடை சாத்தும்வரை நின்றபடி சேலை எடுத்துப் போடவேண்டும். ஒரு ஆடியில் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தது. மூன்று நாள் சம்பளம் போயிற்று. ஒரு கஸ்டமர் அம்மா வேறு, “ஈர வாடை அடிக்கி, வேற பிள்ளைய வரச்சொல்லுங்க” என்றார்களாம்.

“இப்ப இருக்க கடையில சம்பளம் கொறைச்சல்தான் அண்ணே. ஆனா ஸ்டாக் ரூம் மூலையில ஒரு திரையும் கொடியும் கட்டிக் குடுத்திருக்காவ. பழைய சுடிதார்ல வந்து மாத்திக்கிடுதோம். அந்தக் கொடிக்காகத்தான் இங்க இருக்கேன்.”

கேட் திறந்துவிட்டது. அது போய்விட்டது. நான் கொஞ்ச நேரம் பெடலில் கால் வைக்காமல் நின்றேன்.

சைக்கிளில் வருகிறவர்களுக்கு வாசலில் நடக்கிற பரீட்சை இன்று நேற்று வந்ததில்லை. 1898-ல் இங்கிலாந்தில் ஹார்பர்ட்டன் சீமாட்டி, சங்கிலியில் மாட்டும் நீளப் பாவாடைக்குப் பதில் தொளதொள கால்சட்டை அணிந்து சைக்கிளில் ஓர் ஓட்டலுக்குப் போனார். “இந்த உடையோடு காபி அறைக்குள் விடமாட்டேன், வேண்டுமானால் பார் பக்கம் போங்கள்” என்றுவிட்டார் ஓட்டல் நடத்திய அம்மாள். 1899-ல் வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஓட்டல்தான் ஜெயித்தது!

நம் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கமும் அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தும் பெண்களைச் சைக்கிள் கற்கச் சொன்னபோது ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். முன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே! புடவை அவர்களை நிறுத்தவில்லை. சைக்கிள் ஓட்டுவது எந்தக் காலத்திலும் பெரிய பிரச்னை இல்லை. போய் இறங்குகிற இடம்தான் பிரச்னை.

கடைச் சிப்பந்திகள் நாள் முழுக்க நிற்கவேண்டியிருந்த கொடுமைக்கு 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உட்கார இருக்கை கட்டாயம் என்றது. நாற்காலிக்கே சட்டம் தேவைப்பட்டது. ஆணிக்கும் கொடிக்கும் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டுமா?

*

இப்போது நான் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுவது ஒரு ஹார்டுவேர் கடையில். கிலோ கிலோவாக ஆணி விற்கிறோம். ஒரு இஞ்ச், ரெண்டு இஞ்ச், கான்கிரீட் ஆணி, எல்லாம் உண்டு. ஆனால் ஈரச் சட்டையை மாட்டச் சுவரில் ஒரு ஆணி கிடையாது!

ரெயில்வே கேட் சம்பாஷணைக்கு மறுநாள் முதலாளி அண்ணாச்சியிடம் போனேன்.

“அண்ணாச்சி, ஒரு ஆணி வேணும்.”

“கிலோ என்ன வெலன்னு ஒனக்குத் தெரியாதா?”

“கிலோ வேண்டாம். ஒண்ணு. சுவத்துல அடிக்க.”

“போன மாசந்தான் பெயின்ட் அடிச்சேன், தம்பி!”

பெயின்ட் விலை எனக்குத் தெரியும், நான்தான் என்ட்ரி போட்டேன். அதனால் கணக்கிலேயே பேசினேன். கடைப் பையன்கள் நாலு பேர் சைக்கிளில் வருகிறார்கள். பில் போடுகிற பெண்ணும் சைக்கிள்தான். போன சீசனில் காய்ச்சல் என்று யார் யார், எத்தனை நாள் வரவில்லை? அந்த நாட்களில் கவுன்டரில் ஆளில்லாமல் திரும்பிப் போன கிராக்கி எத்தனை? ஈரக் கையோடு எழுதி அழிந்துபோன பில்கள் எத்தனை? ஒரு பக்கம் அதெல்லாம், இன்னொரு பக்கம் ஒரு ஆணி. அண்ணாச்சி பேரேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுத்தியலை எடுத்தார்.

“எங்க அடிக்கணும்?”

அன்று சில்லறைச் செலவில் எழுதினேன்: ‘ஆணி 1 – சொந்த உபயோகம் – ரூ.1.’

இப்போது சுவரில் ஏழு ஆணிகள். மாடிப்படிக்குக் கீழே ஒரு கொடி, பழைய பேனர் துணியில் ஒரு திரை, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள், பில் போடும் பெண் கேட்டு வாங்கியது, எனக்குத் தோன்றவில்லை. போன ஆடியில் ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்த அண்ணாச்சியே தொப்பலாக நனைந்துவிட்டார். நேரே மாடிப்படிக்குக் கீழே போனார். ஏழு ஆணியிலும் சட்டை!

“ஏல, எனக்கு ஒரு ஆணி அடிங்கல!” என்று கத்தினார்.

எட்டாவது ஆணிக்கு என்ட்ரி இன்னும் போடவில்லை. முதலாளி உபயோகம் என்றால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிற முதலாளிமார்களே, மேனேஜர்மார்களே! உங்கள் ஆளுக்கு ரெயின்கோட் வாங்கித் தரவேண்டாம். அவர்கள் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். வந்து சேர்கிறவர்களுக்கு ஒரு ஆணி, ஒரு கொடி, ஒரு தாழ்ப்பாள். மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

கணக்கு சரியாக இருக்கும். நான் பி.காம்.!